ஓங்கில்கள் படகுக்கு முன்னால் துள்ளுவது ஏன்?

அந்தக் காலத்தில் கடல் உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. புயல் ஓய்ந்த ஒரு காலையில் கடல்பாசி பொறுக்கப் போன நம்புத்தாய், ஓங்கில் கூட்டம் ஒன்று கரையில் கிடப்பதைக் கண்டாள். ஓங்கில் என்றால் டால்பின். ஏறி வந்த தண்ணீர் வற்றிவிட, அவை மணலில் மாட்டிக்கொண்டிருந்தன.

"தண்ணிக்குள்ள எங்க உடம்பு எங்களுக்குப் பாரமே இல்ல தாயே. இங்க அதுவே நெஞ்சை அமுக்குது" என்றது பெரிய ஓங்கில்.

நம்புத்தாய் கூவினாள். மீன்பிடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவள் கொழுந்தன் கருமலையான் கடலைக் காட்டினான்.

"மதினி, சாளை மீன் கூட்டம் கிட்டத்துல நிக்குது. இப்பப் போனாத்தான் உண்டு. புயல் வந்ததுலேர்ந்து ஊர்ல யாரும் வயிறாரச் சாப்பிடல."

"தெரியும் தம்பி. நீங்க போங்க, நான் தடுக்கல. என்னால இதுகளை விட்டுட்டு வர முடியாது."

பாசிச் சாக்கை நனைத்து ஒரு குட்டியின் முதுகில் போர்த்தினாள். உச்சந்தலையில் இருந்த மூச்சுத் துளையை மட்டும் மூடாமல் விட்டாள்.

 அதைப் பார்த்த கருமலையான் தன் படகுக்குப் போய்ப் பாய்மரத்துப் பாயை அவிழ்த்துக்கொண்டு வந்தான். மற்றவர்களும் தங்கள் பாய்களை அவிழ்த்தார்கள்.

முதலில் குட்டியைப் பாயில் கிடத்தித் தூக்கிக் கடலில் விட்டார்கள். அது திரும்பிக் கரைக்கே வந்தது.

"அம்மா இல்லாம நான் போகமாட்டேன்."

நம்புத்தாய் கழுத்தளவு தண்ணீரில் நின்று அதை அணைத்துப் பிடித்தாள். "வருவா. அதுவரைக்கும் நான் இருக்கேன்."

அலை முகத்தில் அறைந்தது. கைகள் மரத்தன. அவள் விடவில்லை. கரையில் ஆணும் பெண்ணுமாய் மணலைத் தோண்டி, பாயை அடியில் செலுத்தி, ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். பாய்கள் கிழிந்தன; மடித்துப் போட்டுத் தூக்கினார்கள். கடைசியாகப் பெரிய ஓங்கில் தண்ணீரைத் தொட்டதும், குட்டி நம்புத்தாயின் கையிலிருந்து நழுவி அதனிடம் ஓடியது.

"சாளை போயிருச்சு" என்றார் ஒருவர்.

"போகட்டும்" என்றான் கருமலையான். அவன் முகம் மலர்ந்திருந்தது. "ஒண்ணுகூடச் சாகல, பாத்தீங்களா மதினி?"

அன்று ஊரெல்லாம் வெறும் கஞ்சிதான். ஆனாலும் எல்லோரும் தலைநிமிர்ந்து நடந்தார்கள்.

கிழிந்த பாய்களைத் தைத்துக்கொண்டு மறுபடி கடலுக்குப் போனபோது, பெரிய ஓங்கில் குட்டியோடு படகுக்கு முன்னால் வந்தது. படகுக்குள் இருப்பவர்கள் தெரியும்படி உயர எம்பியது.

"நல்லாப் பாத்துக்கோ. நம்மளைத் தூக்கிவிட்டவங்க இவங்கதான்."

அன்று முதல்தான் ஓங்கில்கள் படகைக் கண்டதும் முன்னால் வந்து துள்ளுகின்றன. புதிதாய்ப் பிறந்த குட்டிகளுக்கு நம் ஆட்களைக் காட்டத்தான் அத்தனை உயரம் எம்புகின்றன.