கோழிக்கு மோரா?

செங்குன்றை அரசர் கோவிந்தமல்லருக்குக் காலையில் முட்டைப் பணியாரம் இல்லாவிட்டால் பொழுதே விடியாது. அந்த ஆண்டுக் கத்திரி வெயிலில் அரண்மனைக் கோழிகள் வாயைப் பிளந்து இரைத்தனவே தவிர, முட்டையிடவில்லை.

"வெயில் தாங்கவில்லை, மகாராஜா," என்றாள் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் இருளாயி. "தீவனத்தோடு மோரும், இடித்த நெல்லிக்காயும், சின்ன வெங்காயமும் கொடுத்தால் தேறிவிடும்."

"கோழிக்கு மோரா? அடுத்து அதற்குப் பல்லக்குக் கேட்பாய்."

சபை சிரித்தது. அமைச்சர் சேந்தனாரும் சிரித்தார். சிரித்த பிறகுதான் இருளாயியின் முகத்தைப் பார்த்தார். இந்த வயதிலும் எதற்கெல்லாம் சிரித்துவைக்கிறோம் என்று தன்மேலேயே கசப்பு வந்தது.

"நாளை முதல் தினம் கூடை நிறைய முட்டை வர வேண்டும். இது நம் ஆணை," என்றார் அரசர். "வராவிட்டால் இருளாயி, நீ வேறு ஊர் பார்த்துக்கொள்."

சேந்தனார் எழுந்தார். "முட்டையிட வேண்டியவை கோழிகள். ஆணை அவற்றின் காதில் விழவில்லையே, மகாராஜா. நாளை உச்சிவேளையில் கொட்டிலுக்கே போய் முறைப்படி வாசித்துவிடலாம்."

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று.

செங்குன்றையில் ஆணை வாசிக்க ஒரு முறை உண்டு. முதலில் அரசரின் பட்டப்பெயர்கள் அத்தனையும் வரும். வாசித்து முடியும்வரை அரசர் மணிமுடியும் பட்டு அங்கியுமாக நிற்க வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

மறுநாள் உச்சிவேளையில் கொட்டிலின் ஓட்டுக் கூரைக்கடியில் அனல் தகித்தது. சேந்தனார் நிறுத்தி நிதானமாக வாசித்தார். நாற்பதாவது பட்டத்தில் அரசரின் முகம் சிவந்தது. அறுபதாவதில் வாய் திறந்துகொண்டது. எதிரே கோழிகளும் அதே கோலத்தில் நின்றன.

"இன்னும் எவ்வளவு இருக்கிறது, ஐயா?"

"முன்னோர் பட்டங்கள் மட்டும்தான் பாக்கி, மகாராஜா."

"போதும், நிறுத்தும். குடிக்க ஏதாவது கொடுங்கள்."

இருளாயி கலயத்தை நீட்டினாள். அரசர் மூச்சு விடாமல் குடித்தார்.

"போன உயிர் திரும்பியதுபோல் இருக்கிறது. என்ன இது?"

"மோர், நெல்லிக்காய், சின்ன வெங்காயம்," என்றார் சேந்தனார். "கோழிகளுக்காக என் வீட்டிலிருந்து கொண்டுவந்தது."

அரசர் கோழிகளைப் பார்த்தார். கோழிகள் கலயத்தைப் பார்த்தன.

"இருளாயி, நீ எங்கேயும் போக வேண்டாம். அரண்மனை மோர்ப்பானை இனி தினமும் இங்கே வரும். கூரைமேல் ஓலை போடச் சொல்கிறேன்." பிறகு மெல்லக் கேட்டார்: "நாளைக்கு முட்டை வருமா?"

"கோழிகள் தேற நாலைந்து நாளாகும். நாளைய முட்டையை மட்டும் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. மோரைக் குடித்தவர் மகாராஜா அல்லவா?" என்றார் சேந்தனார்.

இம்முறை முதலில் சிரித்தவள் இருளாயி. அரசரும் வயிறு குலுங்கச் சிரித்தார். பட்டு அங்கியைக் கழற்றிச் சேந்தனாரின் தோளில் போர்த்தினார்.

"இது உமக்குப் பரிசு. போட்டுக்கொண்டு அந்த முன்னோர் பட்டங்களையும் வாசித்து முடித்துவிடும்."

சேந்தனார் இருளாயி பக்கம் திரும்பினார்.

"அம்மா, கலயத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா?"