இருவரும் தோற்ற வாதம்

கிறிஸ்துவின் பெயரைச் சொன்னவர்களே ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்ற பழைய காலம் அது. எகிப்தில், நைல் நதிக்கரை ஊர் ஒன்றில் நீலோஸ் என்ற மருத்துவன் இருந்தான். பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரன். ஆனால் ஞானவாதிகள் என்ற பிரிவினரின் கூட்டத்தில் சேர்ந்ததும் மருந்துப்பையைத் தூர வைத்துவிட்டான்.

"இந்த உலகத்தைப் படைத்தது மெய்யான கடவுள் அல்ல, அறிவு குறைந்த ஒரு கீழ்த்தெய்வம். நம் உயிர் மேலுலகத்துத் தீப்பொறி. உடல் அதற்குச் சிறை. இதை அறிந்துகொள்வதே மீட்பு. ஒரு பிள்ளை பிறந்தால் இன்னொரு கைதி வந்துவிட்டான் என்று அர்த்தம்" என்று போதித்தான். இனி எந்தப் பிரசவத்திலும் கை வைப்பதில்லை என்று சபதமும் செய்திருந்தான்.

சபை மூப்பர் சரப்பியோன் கொதித்துப் போனார். "வானத்தையும் பூமியையும் படைத்தவரே இந்த உடலையும் படைத்தார். கிறிஸ்துவே உடல் எடுத்து வந்தார். உடலைப் பழிக்கிறவன் அவரைப் பழிக்கிறான்" என்றார்.

ஊர் இரண்டுபட்டது. எதிர்க்கரைச் சந்தையில் இருவரும் எல்லார் முன்னும் வாதிடுவது, தோற்றவர் ஊரைவிட்டே போய்விடுவது என்று முடிவாயிற்று.

வாதம் நடக்க இருந்த அன்று காலை இருவரும் ஒரே படகில் ஏற வேண்டியதாயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எதிர்க்கரையில் திரண்டிருந்த கூட்டத்தின் ஆரவாரம் நடு ஆறுவரை கேட்டது. நீலோசுக்குள் ரத்தம் துள்ளியது. இன்று அந்தக் கிழவரின் வாயை அடைத்துவிடலாம்! எந்த இடத்தில் மடக்குவது, எதைச் சொல்லிச் சிரிக்கவைப்பது என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தான்.

அப்போதுதான் புதுவெள்ளம் மூடியிருந்த மணல்திட்டில் படகு ஏறி நின்றது. ஆண்கள் குதித்துத் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. அந்தக் குலுக்கலிலேயே, பிரசவத்துக்குத் தாய்வீடு போய்க்கொண்டிருந்த தாயேசிஸ் என்ற பெண்ணுக்கு வலி கண்டது. படகில் இருந்த பெண்கள் போர்வை பிடித்து மறைத்தார்கள். நீலோஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு படகின் முன்முனையில் போய் உட்கார்ந்தான். அவள் கதறக் கதற, அவனுடைய விரல்கள் மட்டும் படகு விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

வெயில் ஏறியபிறகு குழந்தை வந்தது. அழவில்லை. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி, உடம்பெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

"ஐயோ, மூச்சில்லையே!" என்று ஒரு பெண் அலறினாள்.

சரப்பியோன் இரு கையாலும் ஆற்றுநீரை அள்ளிக்கொண்டு ஓடினார். "கொடுங்கள், ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறேன். உடல்தான் போகிறது, போகட்டும். ஆத்துமாவாவது தப்பட்டும்!"

தாயேசிஸ் அவரைப் பார்க்கவில்லை. நீலோசின் முதுகைப் பார்த்துக் கத்தினாள். "வைத்தியரே! சிறையோ என்னவோ எனக்குத் தெரியாது. என் பிள்ளை மூச்சுவிட வேண்டும்!"

கைதி தப்பிக்கிறான், விட்டுவிடு என்றது அவன் மனம். அதற்குள் கால்கள் அங்கே போய்விட்டன. "தள்ளிப் போங்கள் ஐயா! நெஞ்சு இன்னும் துடிக்கிறது!" என்று மூப்பரை விலக்கி, கொடியை அவிழ்த்து, வாயில் அடைத்திருந்த சளியைத் துடைத்து, அந்தச் சின்ன வாயில் தன் வாயை வைத்து மெல்ல ஊதினான். ஊதினான். முதுகைத் தேய்த்தான். மறுபடி ஊதினான். "வா, வந்துவிடு!" என்று அவன் கெஞ்சியதைப் படகே கேட்டது.

குழந்தை ஒரு முறை விக்கியது. பிறகு வீறிட்டு அழுதது! நீலோஸ் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பைத்தியக்காரன்போலச் சிரித்தான். சரப்பியோன் அள்ளிய நீர் விரலிடுக்கில் ஒழுகிப்போக, குழந்தையோடு குழந்தையாக அழுதார்.

வேறொரு படகு வந்து எல்லாரையும் கரை சேர்த்தது. "ஆரம்பியுங்கள்!" என்று கூச்சலிட்டது கூட்டம்.

"நான் தோற்றுவிட்டேன்" என்றான் நீலோஸ். "என் போதனையை என் கைகளே கேட்கவில்லை."

"இல்லை, தோற்றவன் நான்" என்றார் சரப்பியோன். "இத்தனை நாள் உடலுக்காகப் பேசிவிட்டு, ஆபத்து வந்ததும் உடல் போகட்டும் என்றேன். அது அவன் பேச வேண்டிய பேச்சு."

இருவருமே ஊரைவிட்டுப் புறப்படத் தயாரானார்கள். கேட்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: அந்த வாதத்தில் உண்மையாகவே தோற்றவர் யார்?

தோற்றவன் நீலோஸ்தான். சரப்பியோன் பயத்தில் எதிராளியின் வார்த்தையைப் பேசிவிட்டார். உடல் உயிர்த்தெழும் என்று ஆலயத்தில் அறிக்கையிடுகிறவர்கள் இன்றும் சாவு வீட்டில் "வெறும் கூடுதானே" என்று பேசுவதில்லையா, அதுபோல. ஒருவர் வாய்தவறியதால் அவர் கட்சி தோற்றுவிடாது. ஆனால் உடல் சிறை என்பது மெய்யானால், திறந்த கதவு வழியே போய்க்கொண்டிருந்த உயிரை நீலோஸ் கெஞ்சிக் கூப்பிட்டிருக்க மாட்டான். தாயேசிசும் இதையேதான் சொன்னாள். "அப்படியானால் அவன் ஊரைவிட்டுப் போக வேண்டுமே" என்றார்கள் ஊரார். "போகட்டும். பிள்ளைக்குச் சளி சரியாகட்டும், பல் முளைக்கட்டும், நடக்கட்டும், அதற்கு முன்னால் வைத்தியரை யார் அனுப்புகிறீர்கள் என்று பார்க்கிறேன்" என்றாள். பிள்ளை நடந்தது, ஓடியது. அதற்குள் அடுத்த வீட்டில் இன்னொன்று பிறந்திருந்தது.