நாக்கைக் காட்டினால் போதும்

மூங்கில்காட்டில் அந்த ஆண்டு மழையே இல்லை. ஓடைகள் வற்றிப் பாறையடி ஊற்று ஒன்றுதான் மிஞ்சியது. காட்டின் அரசியான யானை, "ஒருவருக்கு நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர்" என்று உத்தரவு போட்டது.

நரி அதற்கு அடங்கவில்லை. காலையில் நரியாக வந்து குடித்தது. மதியம் சேற்றில் புரண்டு, காட்டுப்பன்றி என்று சொல்லிக் குடித்தது. மாலையில் இலைதழை போர்த்திக்கொண்டு மறுபடி வந்தது. வரிசையின் கடைசியில் நின்ற முள்ளம்பன்றிக் குட்டிகளுக்கு வெறும் சேறுதான் கிடைத்தது.

அமைச்சரான கருங்குரங்கு ஒரு யோசனை சொன்னது. "தண்ணீர் வேண்டுவோர் தங்கும் பொந்து, போய்வரும் வழி, குட்டிகள் எத்தனை, எல்லாவற்றையும் என்னிடம் சொல்லட்டும். ஊற்றடியில் நான் கேள்வி கேட்பேன். சரியாகச் சொன்னால் தண்ணீர். எதையும் நான் மறக்க மாட்டேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். முயலளவே உள்ள சருகுமான் மருதி மட்டும் முன்னால் வந்தது.

"அரசியம்மா, திருடனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் நான் தண்ணீர் குடிப்பதற்கும் என் குட்டி தூங்கும் இடத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"தப்பு செய்யாதவருக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்றது குரங்கு.

"சிறுத்தை தின்ற மான்கள் என்ன தப்பு செய்தன, ஐயா? ஒளிந்திருப்பதால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்."

"நரிக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" என்று காட்டெருமை கேட்டது. கூட்டம் சிரித்தது.

மருதி தன் இடத்தைச் சொல்லவில்லை. அதனால் தண்ணீரும் கிடைக்கவில்லை. விடியலில் புல்நுனிப் பனியை நக்கித் தாயும் குட்டியும் உயிர் பிழைத்தார்கள். குட்டி மெலிந்துகொண்டே வந்தது. சொல்லிவிடலாமா என்று மருதி எத்தனையோ முறை நினைத்தது. தூரத்தில் சிறுத்தை உறுமும்போது வாயை மூடிக்கொண்டது.

இதற்கிடையே நரி குரங்கிடம் போனது. "உங்கள் ஞாபகசக்தி யாருக்கு வரும், ஐயா? முள்ளம்பன்றி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்." குரங்கு பெருமையில் எல்லாருடைய விவரத்தையும் ஒப்பித்துவிட்டது. மறுநாள் நரி முள்ளம்பன்றியைப் போல முள் செருகி வந்து, எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லி, அதன் பங்கையும் குடித்தது. விவரத்தைச் சிறுத்தைக்கும் சொன்னது.

முள்ளம்பன்றி ரத்தம் வழிய அரசியிடம் ஓடிவந்தது. "குட்டிகளை எப்படியோ காப்பாற்றிவிட்டேன். ஆனால் சிறுத்தை தேடவே இல்லை, அம்மா. நேராக என் பொந்துக்கே வந்தது."

யானை மருதியைத் தேடி ஆள் அனுப்பவில்லை. தானே புதர்க்காட்டோரம் போய் நின்று கூப்பிட்டது. "மருதி, நீ சொன்னபோது நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்ன செய்யலாம்?"

"குடிப்பவர் எங்கே தூங்குகிறார் என்று நமக்கு எதற்கு, அரசியம்மா? இன்று ஏற்கெனவே குடித்தாரா என்று தெரிந்தால் போதும். குடித்ததும் நாலு நாவல்பழம் தின்னட்டும். நாக்கு நீலமாகிவிடும். பொழுது சாயும்வரை போகாது."

மறுநாள் காலை முதல் தண்ணீர் குடித்தவர்கள் எல்லோரும், நரியும்கூட, ஏன் என்று தெரியாமலே நாவல்பழம் தின்றார்கள். மதியம் முள் செருகிய உருவம் ஒன்று வந்தது. "நான் முள்ளம்பன்றி. புற்றடியில் பொந்து. மூன்று குட்டிகள்."

"அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. நாக்கைக் காட்டு" என்றது யானை.

நாக்கு கருநீலமாக இருந்தது. நரியை அன்றே காட்டைவிட்டுத் துரத்தினார்கள்.

வெளியே போன விவரத்தைத் திரும்ப வாங்க முடியாதே. அதனால் எல்லோரும் புதுப் பொந்து தோண்டினார்கள். எங்கே என்று அரசி கேட்கவில்லை. குரங்கு தலைகுனிந்து நின்றது. மருதியின் குட்டி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. காட்டெருமை அதற்கு வழிவிட்டு ஒதுங்கியது.

அரசு கேட்பதிலும் ஓர் அளவு வேண்டும். அது மீறப்படும்போது தனியாக நின்றாவது எடுத்துச் சொல்பவரே எல்லோருக்கும் காவல்.