கற்பூரம் காட்டாத பீப்பாய்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: முதலாளி சந்தானம், மருந்து ஆய்வாளர் ஞானதுரை, பீப்பாயிலிருந்து பாட்டிலில் தைலம் நிரப்பும் இருளாயி, அவளோடு வேலை செய்யும் பவுனு, செவத்தி. ஆயுத பூஜை நாள்.

அங்கே செய்த மூலிகை முகத் தைலம் பூசி ஒரு பெண்ணின் கன்னம் வெந்துபோயிருந்தது. தைலத்தில் பெட்ரோலியக் கரைப்பான் கலந்திருப்பதாகச் சந்தேகம் என்றார் ஆய்வாளர்.

"என் பீப்பாயில சுத்தமான நல்லெண்ணெயும் மூலிகையும்தான் சார். கலந்திருந்தா, நிரப்புற இவதான் கலந்திருப்பா" என்று முதலாளி இருளாயியைக் காட்டினார். "இல்லேன்னா பீப்பாயிலேயே இருக்குன்னு இப்பவே காட்டு. முடியலேன்னா போலீசுக்கு நட."

இருளாயி பூஜைத் தட்டைப் பார்த்தாள்.

"மிஷினுக்கு, தராசுக்கு எல்லாம் காலையிலேயே கற்பூரம் காட்டியாச்சு மொதலாளி. நமக்குச் சோறு போடுற பீப்பாய்க்குத்தான் காட்டல."

பீப்பாயின் மூடியைத் திருகித் திறந்தாள். தட்டில் கற்பூரத்தை வைத்து, தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"ஏய், நில்லு! மூடு அதை!"

"நல்லெண்ணெய்தானே மொதலாளி? வெளக்குக்கே ஊத்துறோமே."

பவுனும் செவத்தியும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். ஆய்வாளர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"அடிப்பாவி, உரசிடாதே! அதுல பாதிக்கு மேல கரைப்பான்! ஆவியே பத்திக்கும், ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்!" என்று அலறியபடி, முதலாளி அந்த இருவரையும் முந்திக்கொண்டு வெளியே ஓடினார்.

ஆய்வாளர் ஓடிவந்து மூடியை இறுக்கினார். "நெஜமாவே கொளுத்தியிருப்பியாம்மா?"

இருளாயி தீப்பெட்டியை நீட்டினாள். அவர் திறந்து பார்த்தார். உள்ளே மிச்சமிருந்த குச்சிகள் பூஜ்யம்.