ஒரே ஒயரில் இரண்டு பல்பு

குண்டு பல்பு காலத்துக் கதை இது. தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். அங்கே அரியநாச்சி என்று ஒருத்தி, புருஷன் போன பிறகு அவன் விட்டுப்போன லைட் செட் தொழிலைத் தானே எடுத்து நடத்தினாள். ஏணி ஏறுவாள், ஒயர் இழுப்பாள். ஆனால் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தால் அவளுக்குக் கிடைக்கிற இடம் சமையல் பந்தலுக்குப் பின்பக்கம்தான். அம்மன் முகத்துக்கு நேரே தொங்குகிற முகப்பு விளக்கு எப்போதும் சங்கிலிபூதத்தானுக்கு. அவர் பெரிய லைட் செட்காரர், வாயும் பெரிசு. ஒரு தடவையாவது தன் வெளிச்சம் அம்மன் முகத்தில் விழவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அந்த வருஷம் தர்மகர்த்தா வேம்படியாரிடம் போய்க் கேட்டே விட்டாள். அவர் போட்டி வைத்தார். ஆளுக்கு ஒரு பல்பு. எது கூடுதல் வெளிச்சமாக எரிகிறதோ அதற்கே முகப்பு.

பகலில் இரண்டையும் தனித்தனியாக மாட்டி மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். லைனில் இருநூறு வோல்ட். பூதத்தானின் பெரிய பல்பு அரை ஆம்பியர் இழுத்தது. அரியநாச்சியின் சின்னது அதில் பாதிகூட இல்லை, பூஜ்யம் புள்ளி இரண்டு.

"ஏளா, இது பல்பா, மின்மினியா?" என்றார் பூதத்தான். கூட்டம் சிரித்தது. அவள் விரல் மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்.

அந்தியில் போட்டி. தனி லைன் கொடுத்தால் இவள் ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவாள் என்று பூதத்தானுக்குச் சந்தேகம். அவள் பல்பில் ஓடுகிற கரண்டேதான் தன் பல்பிலும் ஓடவேண்டும் என்று நிபந்தனை போட்டார். சீரியல் செட் கோத்துக் கோத்துப் பழகின கை அல்லவா, இதையும் அப்படியே கோத்தார். சுவிட்ச் பெட்டியிலிருந்து கிளம்பின ஒயர் ஒரு பல்புக்குள் போய் வெளியே வந்து, அடுத்ததுக்குள் போய், பிறகுதான் பெட்டிக்குத் திரும்பியது.

அரியநாச்சி ஒன்றுதான் கேட்டாள். "அண்ணாச்சி, இது நீங்க போட்ட நிபந்தனை. பொறவு பேச்சு மாற மாட்டீகளே?"

"பேச்சு மாத்த நான் என்ன பச்சப்புள்ளையா?"

சுவிட்சைப் போடுமுன் ஆளுக்கொன்று சொன்னார்கள். தன் பல்புதான் ஜெயிக்கும் என்றார் பூதத்தான். ஓடுவது ஒரே கரண்ட், அதனால் இரண்டும் ஒன்றுபோலத்தான் எரியும், முகப்பைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்கணும் என்றார் தர்மகர்த்தா. அரியநாச்சியோ, "ஏணிய முகப்புல சாத்தி வைங்க. ஏறப்போறது நான்தான்" என்றாள்.

சுவிட்ச் விழுந்தது. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் யார் வாக்கு பலித்தது, எதனால்?

விடை: அரியநாச்சியின் வாக்குதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால், பல்பு கரண்டை எவ்வளவு மறிக்கிறது என்கிற தடை தெரிந்துவிடும். பெரியதுக்கு நானூறு ஓம், சின்னதுக்கு ஆயிரம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். தனித்தனியாக எரித்தால் பெரியது நூறு வாட், சின்னது நாற்பதுதான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் கரண்ட் இரண்டிலும் ஒன்றே. தடை கூடின பல்பு வோல்ட்டில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வாட்டும் சின்னதுக்கே கூடுதல், இரண்டரை மடங்குக்குக் குறையாது. அது பளிச்சென்று எரிய, பெரியதில் கம்பி மட்டும் அடுப்புக் கங்குபோலச் சிவந்து கிடந்தது. பூதத்தானே ஏணியைப் பிடித்துக்கொண்டார். அரியநாச்சி ஏறி விளக்கை மாட்டினாள். அம்மன் மூக்குத்தி மின்னியது. பெண்கள் போட்ட குலவை ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டது.