எதில் திறக்கும்?

செண்பகவல்லிக்கு முப்பத்தொன்று. அவளிடம் கணினி நிரல் எழுதப் பழகிய ஜெபமணிக்கு ஐம்பதை நெருங்குகிற வயது, வங்கி வேலையை விட்டு வந்தவர். சின்னவளிடம் சந்தேகம் கேட்க அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. இந்தக் குணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

வக்கீல்களுக்காக அவர் ஒரு மென்பொருள் செய்திருந்தார். வழக்கின் பெயரைத் தட்டினால் மனு திறக்க வேண்டும். வேர்டில் திற என்று நிரலில் எழுதியிருந்தார்; அவருடைய கணினியில் ஜோராகத் திறந்தது. பாளையங்கோட்டை வக்கீல் சங்க அறையில் அவரவர் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது பாதிப் பேருக்குத் திறக்கவே இல்லை.

“சாப்பிட்டுட்டு வாரோம். அப்பவும் இப்படின்னா எங்களுக்கு வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார் சங்கச் செயலாளர்.

ஒரு வருட உழைப்பு. ஜெபமணி சாப்பிடப் போகவில்லை. உட்கார்ந்து நிரலைத் திருத்தி எழுத ஆரம்பித்தார். வேர்டு இந்த இடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் அந்த இடத்தில் இருக்கிறதா, வேர்டே இல்லையென்றால் வேறு எது இருக்கிறது? அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போனது.

“மேடம், யார்கிட்ட எந்த மென்பொருள் இருக்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

கூட வந்திருந்த செண்பகவல்லி, அங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வக்கீலிடம் கேட்டு, காலையில் மனு திறக்காத அவருடைய மடிக்கணினியை இழுத்தாள். அதில் கிடந்த ஒரு கோப்பைச் சுட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். திறந்துகொண்டது.

“எதுல திறக்கணும்னு நான் சொன்னேனா சார்?”

“இல்ல.”

“பின்ன யார் சொன்னா?”

“இதை வச்சிருக்கவர் முன்னாடியே சொல்லி வச்சிருப்பார்.”

“யார்கிட்ட?”

“கணினிகிட்ட...”

ஜெபமணி எழுதியதை எல்லாம் அழித்தார். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்: இந்தக் கோப்பைத் திற என்று கணினியிடமே ஒப்படைக்கிற வரி. அதில் எந்த மென்பொருளின் பெயரும் இல்லை.

சாப்பிட்டு வந்தவர்களின் மடிக்கணினிகளில் புதியதை ஏற்றினார்கள். ஒவ்வொருவராகத் தட்டினார்கள். ஒருவருக்கு வேர்டில் திறந்தது, அடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்கிற ஒன்றில். கடைசியில் செயலாளர் தட்டினார்.

“திறந்துட்டுல்லா,” என்றார். “இன்னைக்கே எல்லாருக்கும் போட்டுக் குடுத்துருங்க.”

அறையே கை தட்டியது. ஜெபமணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு செயலாளரின் திரையைப் பார்த்தார். பச்சை விளிம்பு போட்ட ஏதோ ஒன்றில் மனு திறந்திருந்தது. அப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

“மேடம், அது என்ன மென்பொருள்?”

“தெரியாது சார். உங்க நிரலுக்கும் தெரியாது. அதனாலதான் திறந்துச்சு.”