பிரமநாயகம் அடைத்த வேலி

வெட்கக்கேடான கதைதான். ஆனாலும் பிரமநாயகமே வாய்விட்டுச் சொன்ன கதை என்பதால் நாமும் சொல்லலாம்.

மலையடிவாரத்தில் தவமணியம்மாவின் மடம் இருந்தது. அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரிடம் சீடராக வந்த பிரமநாயகம் அறுபதைத் தாண்டியவர். அரிசி ஆலை வைத்து ஊரையே அதட்டி வாழ்ந்தவர். ஆலையை மகன்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மொட்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த நாள் முதல் ஒரே கேள்விதான்.

"அம்மா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன். இன்னும் எதை விடணும்?"

அம்மா தோட்டத்தைப் பார்த்தார்.

"அவரைப் பந்தலை மான் மேயுது அண்ணாச்சி. ஒரு வேலி போட்டுத் தாங்க."

கேள்விக்கும் பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. போகட்டும், வேலிதானே! காட்டில் விழுந்து கிடந்த கம்புகளைச் சுமந்து வந்தார். ஆள் உயரத்துக்கு மேல் நட்டார். குறுக்கே மூங்கில் வைத்துத் தென்னங்கயிற்றால் இறுக்கினார். முடிச்சு ஒவ்வொன்றும் ஆலையில் மூட்டை கட்டுகிற முடிச்சு. மடத்துப் பக்கம் மட்டும் உள்ளே போக ஒரு படல் வைத்தார். கையெல்லாம் கொப்புளம். அன்று சாயங்காலம் அம்மா பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்துக் கடைசிக் கம்பையும் நட்டு அடைத்தார்.

அம்மா சுற்றிப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். அவ்வளவுதான். பிரமநாயகத்துக்கு அது போதவில்லை.

மறுநாள் விடிந்தபோது ஒரு பெண்மான் வேலியோரம் நின்றது. விரட்டினார். ஓடியது, திரும்பி வந்தது. வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தது. நெற்றியால் கம்பை முட்டியது. வெயில் ஏறியும் போகவில்லை. இவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஒரு கல்லை எடுத்து வீசினார். முன்காலில் பட்டது. மான் நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போனது.

கஞ்சி குடிக்கும்போது வாய் சும்மா இருக்குமா?

"வேலின்னா இதுல்லா வேலி! மான் முட்டி முட்டிப் பார்த்துட்டு வாலைச் சுருட்டிக்கிட்டுப் போயிருச்சு."

கஞ்சி ஊற்றிய இசக்கியம்மாள் கேட்டாள். "நாம கனைச்சாலே ஓடிருமே அண்ணாச்சி. இன்னைக்கு மட்டும் ஏன் போகமாட்டேன்னு நின்னுச்சு?"

"திமிரு! ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும்லா."

பிறகு அவரைக்காய் பறிக்கக் கூடையோடு தோட்டத்துக்குள் போனார். பந்தலுக்கு அடியில் கொடியை விலக்கினார். அங்கே ஒரு மான்குட்டி கிடந்தது. பிறந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். தாய் படுக்க வைத்துவிட்டுப் போன இடத்தில் அசையாமல் சுருண்டு கிடந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

பிரமநாயகம் கூடையைக் கீழே போட்டார். வேலி அடைக்கிறவன் உள்ளே ஒரு சுற்று நடந்து, செடியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடைசிக் கம்பை நட வேண்டும். கோழி அடைக்கிற பிள்ளைகூட கூண்டுக்குள் குனிந்து பார்க்கும். அடப் பாவி, பால் கொடுக்க வந்த தாயையா அடித்தேன் என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

அடுத்து என்ன செய்தார் தெரியுமா? யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை. காட்டுப் பக்கம் போய் முடிச்சுகளை அவிழ்த்து, குறுக்கு மூங்கிலைக் கழற்றி, நாலு கம்புகளைப் பிடுங்கிப் போட்டார். தாய் வரும், குட்டியைக் கூட்டிப் போகும், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று அங்கேயே நின்றார். மரங்களுக்கு நடுவில் அந்த மான் தெரிந்தது. நொண்டியபடி கொஞ்சம் முன்னால் வரும். இவரைக் கண்டதும் பின்வாங்கும்.

அப்போது பார்த்து அம்மா வந்தார்.

"என்ன அண்ணாச்சி, வேலி பிரிஞ்சு கிடக்கு?"

"மான் முட்டி உடைச்சிருச்சும்மா."

நாக்குக் கூசாமல் வந்தது பொய். காது மடல் மட்டும் சுட்டது.

அம்மா அவிழ்ந்து கிடந்த கயிற்றைப் பார்த்தார். ஒரு கம்பை எடுத்து அதன் குழியில் நட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இருக்கட்டும்மா. நான் பிறகு பார்த்துக்கிடுதேன்."

"நீங்க களைச்சுப் போயிருப்பீங்க. நானே அடைச்சிருதேன்."

மூன்றாவது கம்பும் நின்றது. மான் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. மிச்சமிருந்த கம்பை அம்மா தூக்கியதும் பிரமநாயகம் ஓடிப்போய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா! உள்ளே குட்டி கிடக்கு. அவிழ்த்தது நான்தான். பார்க்காம அடைச்சதும் நான்தான். தாயைக் கல்லால அடிச்சதும் நான்தான். உங்ககிட்டப் பொய்யும் சொல்லிட்டேன்." ஊரை அதட்டிய குரல் உடைந்துபோயிற்று. "இந்த வயசுல எனக்கு இது தேவையா? இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க இருப்பேன்? ஏதாவது சொல்லுங்கம்மா. திட்டவாவது செய்யுங்க."

அம்மா கம்பைக் கீழே போட்டார். நட்ட மூன்றையும் பிடுங்கினார். பிரமநாயகம் கம்பு பிடுங்கிய அந்தத் திறப்பிலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்று, முகத்தைத் துண்டால் பொத்தி அழுதார். மரத்தடியில் மான் ஒரு அடி எடுத்து வைத்தது, நின்றது.

"அதெல்லாம் அப்புறம் அண்ணாச்சி," என்றார் அம்மா. "முதல்ல தள்ளி வாங்க. நீங்க அங்க நிக்கிற வரைக்கும் அது வராது."